'போதும்' என்று சொல்ல விடாத கடை

ஜப்பானிய மொழியில் 'ஒமகாசே' என்று ஒரு சொல் உண்டு. 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்று அர்த்தம். சாப்பிட வந்தவர் சமைப்பவரைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல் அது. டோக்கியோவில் இருக்கும் உயர்தர சுஷிக் கடைகள் பலவற்றில் இன்று அதை வாடிக்கையாளர் சொல்வதில்லை. அவருக்குப் பதிலாகக் கடைக்காரரே சொல்லிவிடுகிறார். 'எங்களிடம் விட்டுவிடு. பணத்தை முன்னாலேயே கட்டு. வைப்பதைச் சாப்பிடு. இரண்டு மணி நேரத்தில் எழுந்து போ. அடுத்த பந்தி காத்திருக்கிறது.' நம்பிக்கையைச் சொல்லும் அழகான ஒரு சொல்லைக் கட்டளையாக மாற்றிவிட்டார்கள் என்பதுதான் என் வாதம்.

'குடிமைப் பொருள் வழங்கல் துறையில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து யூ.டி.சி.யாக ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரனுக்கு டோக்கியோ சுஷியைப் பற்றி என்ன பேச்சு?' என்று நண்பர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இரண்டு காரணங்கள் சொல்கிறேன். மகள் வயிற்றுப் பேரன் அங்கே வேலையில் இருக்கிறான். 2023-இல் என்னை அழைத்துப்போய் மூன்று வாரம் வைத்திருந்தான். அது ஒன்று. விலைப்பட்டியல் பலகை வைக்காத கடைகளுக்கு நோட்டீஸ் தயாரிப்பதே என் மேசையில் வருஷக்கணக்காக நடந்த வேலை. இது இரண்டாவது. எந்த ஊராக இருந்தாலும், எத்தனை பெரிய கடையாக இருந்தாலும், உள்ளே நுழைந்ததும் என் கண் முதலில் பலகையைத்தான் தேடும்.

சுஷி என்றதும் நம்மில் பலர் 'பச்சை மீனா, ஐயோ' என்று முகத்தைச் சுளிக்கிறோம். அவர்களுக்காகக் கொஞ்சம் சரித்திரம். ஆரம்பத்தில் சுஷி என்பது மீனைக் கெடாமல் வைக்கும் வழி. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். பிறகு சோற்றை எறிந்துவிட்டு மீனைச் சாப்பிடுவார்கள். ஷிகா மாநிலத்தில் பிவா ஏரிக் கரையில் இன்றும் அந்த மாதிரி 'ஃபுனாசுஷி' செய்கிறார்கள். காலப்போக்கில் புளிப்புக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் சோற்றில் வினிகரைக் கலந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அன்று எடோ என்று பெயர் கொண்ட டோக்கியோவில், சோற்றைக் கையில் உருட்டி மேலே மீன் துண்டை வைத்து அழுத்திக் கொடுக்கும் 'நிகிரி' பிறந்தது. ரியோகொகு பகுதியில் கடை வைத்திருந்த ஹனயா யோஹெய் என்பவருக்கு அந்தப் பெருமையைக் கொடுப்பது வழக்கம்.

யாருக்காகப் பிறந்தது? கூலிக்காரர்களுக்காக, தச்சர்களுக்காக, குளித்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்காக. தெருவோரத் தள்ளுவண்டியில் நின்றபடியே இரண்டு மூன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்தக் காலத்து நிகிரி இன்றையதைவிட நல்ல பெரிசு. ஒரு கிண்ணம் சோபா 16 மோன் விற்ற காலத்தில் ஒரு சுஷி 4 முதல் 8 மோன்தான். நம் ஊரில் சாயங்காலம் வண்டிக்கடையில் நின்றுகொண்டு வடையும் போண்டாவும் தின்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

விலை உயர்ந்த சுஷி அன்றும் இருந்தது, அதை மறைக்கவில்லை. 1841-இல் தொடங்கிய தெம்போ சீர்திருத்தத்தின்போது, ஆடம்பரச் சுஷி விற்ற குற்றத்துக்காகக் கடைக்காரர்கள் கைவிலங்கு தண்டனை பெற்றார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் தெருவில் நின்று சாப்பிடும் பண்டம் என்பது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இன்று 'தோரோ' என்று தங்கம் போல விற்கும் சூரை மீனின் கொழுப்பு வயிற்றுப் பகுதி, அன்று பூனைகூடத் தாண்டிப் போகும் என்று கேலி செய்யப்பட்ட பகுதி. 2019 ஜனவரியில் டோக்கியோ தொயோசு சந்தையின் புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. மீன் மாறவில்லை, அதைச் சுற்றி இருக்கும் பேச்சு மாறிவிட்டது.

இனி என் தொழிலுக்குப் பக்கத்தில் வரும் ஒரு விஷயம். போருக்குப் பின் ஜப்பானில் கடும் பஞ்சம், அரிசி ரேஷனில்தான். 1947-இல் அரசாங்கம் உணவகங்களை மூடச் சொல்லிச் சட்டம் போட்டது. டோக்கியோ சுஷிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாடிக்கையாளர் தம் ரேஷன் அரிசியில் ஒரு 'கோ', அதாவது சுமார் 150 கிராம், கொண்டுவந்து கொடுப்பார். கடைக்காரர் கூலியை வாங்கிக்கொண்டு பத்துச் சுஷி செய்து தருவார். இது உணவகம் அல்ல, கூலிக்குச் செய்து தரும் வேலை என்று அனுமதி வாங்கினார்கள். ஒரு ஆளுக்குப் பத்துத் துண்டு என்ற கணக்கு நிலைத்ததற்கே அந்த நாட்கள்தான் காரணம் என்று சொல்வார்கள். படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அரிசி இன்னாருடையது, கூலி இவ்வளவு, துண்டு இத்தனை என்று எல்லாமே திறந்த கணக்கு. பஞ்ச காலத்தில் இத்தனை நேர்மையாகக் கணக்குக் காட்டிய ஒரு தொழில், வசதி வந்ததும் கணக்கை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டது.

சுஷிக் கடையில் கேட்டு வாங்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது 'ஒகிமாரி': இன்ன விலைக்கு இத்தனை துண்டு என்று முன்னாலேயே நிர்ணயித்த தட்டு. இரண்டாவது 'ஒகோனோமி': உங்கள் விருப்பப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவது. மூன்றாவதுதான் ஒமகாசே. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். பிரெஞ்சில் 'மெனு' என்றால் கடைக்காரர் வரிசைப்படுத்திய முழுச் சாப்பாடு; 'கார்த்' என்றால் நாம் பொறுக்கி எடுக்கும் பட்டியல். ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்த 'மெனு கார்டு' இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிவிட்டது. பாரிஸில் எத்தனை பெரிய உணவகமானாலும் சாப்பாட்டின் விலைப்பட்டியலை வாசலுக்கு வெளியே தெரிகிறபடி வைக்க வேண்டும் என்பது சட்டம். உள்ளே கால் வைக்குமுன் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். திரும்பிப் போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஏழைக்கு அது எத்தனை பெரிய மரியாதை என்று யோசித்துப் பாருங்கள்.

டோக்கியோவின் பழைய உயர்தரக் கடைகளில் விலை எழுதுவதில்லை. எழுதினாலும் 'ஜிகா' என்று இருக்கும். 'இன்றைய சந்தை விலை' என்று பொருள். அது எவ்வளவு என்று கேட்பது நாகரிகமில்லை. கடைசியில் ஒரு சீட்டு வரும், அதில் ஒரே ஒரு தொகை இருக்கும். துண்டுக்கு எவ்வளவு, பானத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்காது. நம் துறையில் இப்படி ஒரு பில்லைக் கண்டிருந்தால் அதிகாரி சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்.

இன்றைய புதுக் கடைகள் இந்தக் குறையை ஒருவிதத்தில் சரி செய்துவிட்டன. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது முன்பதிவிலேயே தொகை தெரிகிறது. ஆனால் விலையைக் காட்டிய கையோடு தேர்வைப் பறித்துக்கொண்டார்கள். பேரன் என்னை அழைத்துப்போன கடையில் ஆளுக்கு 33,000 யென். அன்றைய கணக்கில் ஏறத்தாழ 18,500 ரூபாய். கடையின் பெயர் வேண்டாம். எட்டே நாற்காலிகள். ஒரே பலகையாக இழைத்த ஹினோகி மரத்து மேடை. அதற்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் ஒரு நாற்பது வயதுக்காரர்.

அவருடைய கைத்திறனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சோறு உள்ளங்கைச் சூட்டில் இருந்தது. மீன் அதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி. மத்திக்கு ஒன்றுவிட்ட உறவான 'கொஹாதா' என்ற சிறு மீனை உப்பிலும் வினிகரிலும் பதமாகப் போட்டு எடுத்திருந்தார். நம் ஊர்க் கருவாட்டு வாசனையின் தூரத்து நினைவு ஒன்று அதில் இருந்தது. கடல் விலாங்கை வேகவைத்து, மேலே இனிப்புக் குழம்பைத் தடவினார். வாயில் வைத்ததும் கரைந்தது. எடோ முறையில் எல்லாம் பச்சை மீன் என்று நினைப்பவர்கள் கவனியுங்கள்: உப்பிடுவது, ஊறவைப்பது, வேகவைப்பது என்று பாதி வேலை முதல் நாளே முடிந்துவிடுகிறது. 'சோறு மூன்று வருஷம், உருட்டல் எட்டு வருஷம்' என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன்.

எனக்கு அந்தக் கொஹாதா இன்னொன்று வேண்டும் போல இருந்தது. கேட்கலாமா என்றேன். 'தாத்தா, நடுவுல கேக்கக்கூடாது. எல்லாருக்கும் ஒரே வரிசைதான். முடிஞ்சதும் காசு கொடுத்துக் கேட்டுக்கலாம்' என்றான் பேரன். பன்னிரண்டாவது துண்டில் என் வயிறு நிறைந்துவிட்டது. எழுபத்தைந்து வயது, சர்க்கரை வேறு. அந்தச் சோற்றில் வினிகரோடு சர்க்கரையும் சேர்ப்பார்கள். கையைக் காட்டி மறுத்தேன். அவர் குனிந்து வணங்கினார். பேரன் ஏதோ சொன்னான். அடுத்த துண்டு வந்தது, சோறு மட்டும் கொஞ்சம் சின்னதாக. அதற்குப் பிறகு இன்னும் ஆறு துண்டு, ஒரு சூப், முட்டைப் பணியாரம் மாதிரி ஒன்று. எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் வைத்து ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும். நான் நிறுத்தினால் அவருடைய தாளம் கெடும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பணம் கொடு, நிலம் கொடு, நகை கொடு, எதைக் கொடுத்தாலும் மனுஷன் 'போதும்' என்று சொல்ல மாட்டான். சோறு போட்டால் மட்டும்தான் சொல்வான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அன்னதானத்துக்கு அதனால்தான் அத்தனை ஏற்றம். நம் பந்தியில் இலைக்கு மேலே கையை நீட்டி 'போதும்' என்றால் பரிமாறுகிறவர் நின்றுவிட வேண்டும். இலையை மடித்துவிட்டால் பேச்சே இல்லை. அந்தச் சொல்லைச் சாப்பிடுகிறவரிடமிருந்து பறித்த பிறகு அது விருந்து ஆகாது. சாப்பிடுகிறவர் அங்கே பார்வையாளர் ஆகிவிடுகிறார். நாடகக் கொட்டகையில் காட்சியை நிறுத்து என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?

எதிர்த் தரப்பு வாதங்களைப் பேரன் எனக்கு எடுத்துச் சொன்னான். மீன் அன்றன்று காலை சந்தையில் வாங்குவது. எட்டுப் பேருக்குச் சரியாக எட்டுத் துண்டு வாங்கினால் வீணாகாது. பதிவு செய்துவிட்டு வராமல் ஏமாற்றுகிறவர்கள் அதிகம்; அதனால்தான் முன்பணம். எந்த மீன் இன்று நன்றாக இருக்கிறது என்பது நமக்குத் தெரியுமா, அவருக்குத் தெரியுமா?

மூன்றும் உண்மை. முன்பணத்தை நான் எதிர்க்கவில்லை; வராமல் ஏமாற்றுகிறவனிடம் வாங்கட்டும். வீணாகாமல் வாங்குவதும் நல்ல காரியம். ஆனால் இந்த இரண்டும் கடைக்காரரின் வசதி. அந்த வசதிக்கு 'நம்பிக்கை' என்று பெயர் சூட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். மூன்றாவது வாதத்துக்கு வருகிறேன். அவருக்கு மீனைத் தெரியும். என் வயிறு எனக்குத்தானே தெரியும்? பழைய ஒமகாசே இந்த இரண்டு அறிவும் சந்தித்த இடம். பத்து வருஷமாக வந்துபோகும் வாடிக்கையாளருக்கு கணவாய் ஆகாது, கானாங்கெளுத்தி பிடிக்கும், இரண்டு வாரமாக உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அந்த மேடைக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். அதனால்தான் அவர் 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்றார். நம் தெரு டாக்டரிடம் விட்டுவிடுவது மாதிரி. முதல் தடவை வந்து, இனி ஒரு தடவை வரப்போகாத எட்டுப் பேருக்கு ஒரே வரிசையில் வைப்பதற்கு 'ஒகிமாரி' என்ற நாணயமான பழைய பெயர் இருக்கிறது. அதைப் பலகையில் எழுதினால் 33,000 யென் கேட்பது கஷ்டம். அதனால்தான் பெயரை மாற்றினார்கள்.

இதில் எனக்குச் சோறு போட்ட பிரெஞ்சுப் பண்பாட்டுக்கும் பங்கு இருக்கிறது. அதையும் சொல்லாமல் விடக்கூடாது. மிஷ்லேன் என்ற டயர் கம்பெனி 1900-இல் கார்க்காரர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகம், பிற்காலத்தில் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. 2007 நவம்பரில் டோக்கியோவுக்கு முதல் பதிப்பு வந்தது: 150 கடைகள், 191 நட்சத்திரங்கள், பாரிஸைவிட அதிகம். அதில் மூன்று நட்சத்திரம் வாங்கிய ஒன்று கின்சாவின் சுரங்க ரயில் நிலையத்தோடு ஒட்டிய நிலவறையில், பத்து நாற்காலிகளோடு ஓனோ ஜிரோ நடத்திய கடை. 2011-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் வந்தது. 2014-இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் பிரதமர் ஆபேயும் அங்கே போய்ச் சாப்பிட்டார்கள். அதன்பின் 2019 நவம்பரில் மிஷ்லேன் அந்தக் கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சுவை குறைந்ததால் அல்ல. பொதுமக்கள் பதிவு செய்து போக முடியாத இடமாகிவிட்டது என்பதால். புகழ் ஏறிய கடைக்குள் சாதாரண ஆள் நுழைய முடியவில்லை. நுழைய முடியவில்லை என்பதாலேயே புகழ் இன்னும் ஏறியது. மற்றக் கடைகள் இதிலிருந்து கற்ற பாடம் நல்ல பாடம் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு கண்டுபிடிப்பும் அதே நாட்டில்தான் பிறந்தது. ஒசாகாவுக்குப் பக்கத்தில் ஹிகாஷி ஒசாகாவில் கடை வைத்திருந்த ஷிராஇஷி யோஷியாகி, பீர் தொழிற்சாலையில் புட்டிகள் பட்டையில் நகர்ந்து வருவதைப் பார்த்தார். 1958-இல் சுஷித் தட்டுகளை அதேபோல வாடிக்கையாளர் முன்னால் சுற்றவிட்டார். தட்டின் நிறத்தை வைத்து விலையைச் சொல்லும் வழக்கம் இன்று அந்த மாதிரிக் கடைகளில் பரவலாக இருக்கிறது. பிடித்ததை எடுக்கலாம், பிடிக்காததைப் போகவிடலாம், நாலு தட்டோடு எழுந்துவிடலாம். கடைசியில் காலித் தட்டுகளை எண்ணிக் கணக்கு. பெரிய கடைக்காரர்கள் அதை ஏளனமாகப் பேசுவார்கள். விலைப்பலகைக்காரனான எனக்கோ, அதைவிட நாகரிகமான ஏற்பாடு சாப்பாட்டுத் தொழிலில் வேறு தெரியவில்லை. அடுத்த வாரம் பேரனோடு அப்படி ஒரு கடைக்குப் போனேன். பக்கத்தில் ஒரு பாட்டி தனியாக உட்கார்ந்து மூன்று தட்டு எடுத்தார், டீ குடித்தார், சில்லறையை எண்ணி வைத்துவிட்டுக் கிளம்பினார். யாரும் அவரை நிறுத்தவுமில்லை, விரட்டவுமில்லை.

விலை உயர்ந்த கடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல மீனுக்கும் இருபது வருஷ உழைப்புக்கும் விலை உண்டு. கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும். நான் கேட்பது மூன்றே மூன்று. துண்டுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். இன்னொன்று கேட்டால் கொடுங்கள். போதும் என்றால் நிறுத்துங்கள். இந்த மூன்றையும் செய்யும் ஒகோனோமிக் கடைகள் டோக்கியோவின் பழைய பேட்டைகளில் இன்னும் இருக்கின்றன. மத்தியானத்தில் நியாயமான விலைக்கு ஒகிமாரித் தட்டு தருகிற நல்ல கடைகளும் இருக்கின்றன. அவை காணாமல் போனால் நஷ்டம் ஜப்பானியர்களுக்குத்தான்.

கடைசியாக நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நம்மை அழைத்துப்போய்ப் பெருமையாக எங்கேயாவது உட்கார வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அந்த அன்பைத் தட்டாதீர்கள். ஆனால் மேசையைப் பதிவு செய்யுமுன் 'தம்பி, அங்கே நான் கேட்டு வாங்கலாமா? பாதியில் போதும் என்று சொல்லலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், வேறு கடை பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளையின் பணமும் மிச்சம், நம் வயிறும் மிச்சம்.